பையின் ஏழ்மையும் நாவின் ஏழ்மையும்

இலக்கியக் கூட்டங்களில் உணவைப் பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் தவறாமல் ஒலிக்கும். பசித்தவர்கள் வாழும் நாட்டில் ருசியைப் பேசுவது மேட்டிமைத்தனம் என்பது முதலாவது. எந்த வெளிநாட்டு மதுவோடு எந்தப் பாலாடைக்கட்டி பொருந்தும் என்று வகுப்பெடுப்பது இரண்டாவது. ஒன்றையொன்று வெறுப்பவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். நல்ல சுவை பணம் உள்ளவனுக்கே உரியது என்பதை இரண்டுமே ஐயமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டன. ஒன்று அதற்காக வெட்கப்படச் சொல்கிறது. மற்றொன்று பெருமைப்படச் சொல்கிறது. அந்த ஏற்பே பொய் என்பது நம் கட்சி.

தமிழ் படித்தவர்களிடம் இதை வாதிட வேண்டியிருப்பதே விந்தை. சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். பாணன் வீட்டு வறுமையை நாமெல்லாம் வகுப்பில் உருக்கமாக நடத்துகிறோம். குப்பையில் முளைத்த கீரையை உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் காட்சி அது. ஆனால் அதே நூல், நல்லியக்கோடனை நாடிச் செல்லும் வழியில் கிடைக்கும் உணவுகளையும் அடுக்கிச் சொல்கிறது. கடற்கரையில் நுளைமகள் அரித்த பழைய தேறலும் சுட்ட உலர்மீனும். வேட்டுவர் ஊரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் சுட்ட இறைச்சியும். மருத நிலத்தில் உழவர் வீட்டுப் பெண் தரும் வெண்சோறும் நண்டும். அரசன் தரும் விருந்து இவற்றுக்கெல்லாம் பிறகே வருகிறது. முதலில் வருபவை மீனவர், வேட்டுவர், உழவர் ஆகியோரின் அன்றாட அடுப்புகள்.

வறுமை வேறு, எளிமை வேறு என்று அந்தப் புலவர் தெளிவாக அறிந்திருந்தார். உப்பில்லாத கீரை வறுமை. நண்டும் சோறும் எளிமை. முன்னதைக் கண்டு இரங்க வேண்டும். பின்னதைக் கண்டு நாவூற வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது நம் காலத்து நோய். பசித்தவனிடம் போய் ருசியைப் போதிப்பதன்று நம் நோக்கம். ஓரளவு வருவாய் இருந்தும் மோசமாக உண்டு, அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ளும் நம் போன்றாரிடமே நாம் பேசுகிறோம்.

மீன்சந்தைக்குப் போனால் இது விளங்கும். வஞ்சிரத்தின் முன் காரில் வந்தவர்கள் கூடி நிற்பார்கள். பக்கத்துக் கூடையில் மத்தி பன்மடங்கு மலிவாகக் கிடக்கும். கொழுப்பு மிகுந்த மத்தியைப் போலக் குழம்புக்கு வாய்த்த மீன் அரிது. மண்சட்டி, சின்ன வெங்காயம், பூண்டு, புளி, இரண்டு துண்டு மாங்காய் போதும். குழம்பை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் உண்பவன் எந்த விடுதிக்கும் ஏங்கமாட்டான். நெத்திலி வறுவலும் கருவாட்டோடு சேர்த்த மொச்சைக் கத்தரிக்காயும் இவ்வகையே. ஆட்டின் தொடைக்கறிக்கு முண்டியடிப்பவர்கள் குடலையும் ஈரலையும் சுவரொட்டியையும் ஒதுக்கிவிடுகிறார்கள். குடலை அலசிச் சுத்தம் செய்யப் பொறுமை வேண்டும். பணம் அவ்வளவாக வேண்டியதில்லை.

இந்தப் பொருள்கள் மலிவாக இருப்பதற்குச் சுவைக்குறைவு காரணமன்று. இவற்றை உண்டவர்கள் யார் என்பதே காரணம். நம் சமூகத்தில் விலைப்பட்டியல் என்பது பல வேளைகளில் சாதிப்பட்டியலின் மறுபதிப்பு. மாட்டிறைச்சி உப்புக்கண்டத்தின் சுவையைப் பற்றி எழுதத் தயங்கும் கை, இத்தாலியில் உப்பிட்டு உலர்த்திய பன்றியிறைச்சியைப் பற்றி மூன்று பத்தி எழுதுகிறது. இதை ரசனை என்று ஏற்க நமக்கு மனமில்லை. எந்த மாதத்தில் எந்த மீன் கொழுத்திருக்கும், கருவாட்டில் எது பழையது என்பதையெல்லாம் கூடைக்காரப் பெண் மோப்பத்தாலேயே சொல்வாள். அவளே விமர்சகர். அவளிடம் நாம் பாடம் கேட்பதில்லை. பேரம் மட்டும் பேசுகிறோம்.

இழிவாகக் கருதப்பட்டவை ஒருநாள் உயர்ந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதற்குக் கம்பும் வரகும் தினையும் சான்று. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது; முன்மொழிந்தது இந்தியா. உழைப்பாளியின் கூழ் அதற்கு முன்பே நோயாளிகளின் பத்தியமாகவும் பணக்காரர்களின் நாகரிகமாகவும் மாறத் தொடங்கிவிட்டது. பழைய சோற்றை மண்கலயத்தில் வைத்துப் பெருவிடுதிகளும் விற்கின்றன. ஒரு பிடி சோறு, நீர், இரவு, இரண்டு சின்ன வெங்காயம், ஒரு மோர்மிளகாய். இதில் விலை கூடிய பொருள் எது என்று யாரேனும் காட்டட்டும்.

இனி மதுவுக்கு வருவோம். இங்கேதான் நம் பாசாங்கு முழு உருக்கொள்கிறது.

புத்தக வெளியீடு முடிந்ததும் ஆண் எழுத்தாளர்களில் ஒரு கூட்டம் டாஸ்மாக் கடையை ஒட்டிய இருட்டறைக்குள் புகுகிறது. பிளாஸ்டிக் குவளை, தண்ணீர்ப் பொட்டலம், ஊறுகாய். கால் மணி நேரத்தில் ஒருவர் ஒரு குவார்ட்டரை முடிக்கிறார். இங்கே கணக்கைப் பார்ப்போம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. இங்கு விற்கும் ரம், பிராந்தி ஆகியவற்றின் வழக்கமான வலிமை 42.8 விழுக்காடு. ஆகவே ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 30 மில்லி அளவில் பகுத்தால் அது ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு கோப்பை, ஒவ்வொன்றிலும் 10 கிராம். இருட்டறையில் ஒருவர் தொண்டையில் கவிழ்த்துக்கொள்வது, வெளிச்சமுள்ள ஒரு வீட்டில் ஆறு பேரின் மாலைப்பொழுது. சிக்கனம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா?

கலவை மது என்றவுடன் கண்ணாடிக் கூடங்களும் சிறு காகிதக் குடைகளும் நினைவுக்கு வருவது வணிகத்தின் வெற்றி. அவற்றின் மூத்த உறவு ஒன்று நம் பக்கத்தது. 'பஞ்ச்' என்னும் பானத்தின் பெயர் ஐந்து என்னும் பொருளுடைய இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்று கருதுவோர் பலர். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப்பொருள் என்பவையே அந்த ஐந்து. பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் இந்நாட்டில் குடித்துப் பழகியது இது. நம் மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆகிச் சீமை மேசையேறிய கதைக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

அந்த ஐந்தில் சாராயத்தை நீக்கிப் பாருங்கள். எஞ்சுவது நம் பானகம். வெல்லத்தை வெந்நீரில் கரைத்து மண்போக வடிகட்டி ஆறவைக்க வேண்டும். சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சையைக் கடைசியில் பிழிய வேண்டும். ராமநவமிக்கு அது போதும். விரும்புபவர் தம் கோப்பையில் 30 மில்லி ரம்மைச் சேர்த்துக்கொள்ளலாம். ரம்மும் கரும்பின் பிள்ளை, வெல்லமும் கரும்பின் பிள்ளை. பொருத்தம் பார்க்க வேண்டியதே இல்லை. ஜின் பிடித்தவருக்கு நன்னாரிச் சர்பத்தும் எலுமிச்சையும் சோடாவும் உண்டு. பக்கத்தில் வறுத்த நெத்திலி, மாங்காய் சேர்த்த சுண்டல், உப்பிட்ட வெள்ளரிக்காய். வயிற்றில் முதலில் உணவு, பிறகே கோப்பை. மதுவை வேண்டாதவர் அதே பானகத்தை அதே கோப்பையில் பருகலாம். அவர் தனிமைப்பட வேண்டியதில்லை.

"வள்ளுவர் என்ன சொன்னார்?" என்ற கேள்வி வரும் என்று அறிவோம். கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அவர் முற்றாகவே விலக்கினார். வளைத்துப் பொருள்கொள்ள நாம் முற்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023இல், ஆல்கஹாலில் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை எனத் தெளிவாக அறிவித்தது. அதையும் மறைக்கமாட்டோம். குடிக்காதவர் தொடங்க ஒரு காரணமும் இல்லை. கட்டுப்பாடு இழப்பவருக்கு ஒரு துளியும் ஆகாது. ஆனால் மறைந்து குடிப்பவரை ஊரார் நகுவர் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. மேடையில் ஒழுக்கமும் இருட்டறையில் குவார்ட்டருமாக வாழ்பவர்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

அரசின் பாசாங்கு நம்முடையதைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடைசெய்யப்பட்டது. 2003இல் சில்லறை மதுக்கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. பனைமரத்தின் மென்மையான மதுவுக்குத் தடை. ஆலையின் கடுமையான மதுவுக்கு அரசு முத்திரை. அந்த விலையையும் கொடுக்க இயலாதவர் எங்கே போவார்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலிவான நல்லது இல்லாத இடத்தில் மலிவான நஞ்சு வந்து அமர்கிறது. எளியவனுக்கு நல்ல உணவும் தீங்கு குறைந்த பானமும் உரியவை என்று பேசுவது மேட்டிமைத்தனம் ஆகாது. அவனுக்கு எதுவானாலும் போதும் என்று எண்ணுவதே மேட்டிமைத்தனம்.

கடைசியாக ஒன்று. நம் அன்பர்களுக்கு இது கசக்கும். வீட்டில் உண்டால் செலவு குறைவு என்கிறோம். ஏன் குறைவு? அம்மியருகிலும் அடுப்பருகிலும் கழுவுதொட்டியருகிலும் நிற்கும் பெண்ணின் உழைப்புக்கு நாம் கூலி எழுதுவதில்லை என்பதால். குடலை மூன்று நீரில் அலசியவள், நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலைகிள்ளியவள், விருந்தினர் போனபின் ஆறு கோப்பைகளைக் கழுவியவள் யார்? ஆற்றுப்படையை மறுபடி புரட்டுங்கள். தேறல் அரித்தவள் நுளைமகள்; புளிச்சோறு அட்டவர்கள் எயிற்றியர்; நண்டும் சோறும் தந்தவள் உழவர் வீட்டுப் பெண். உண்டு பாராட்டியவன் பாணன். ஈராயிரம் ஆண்டுகளாக அந்த வேலைப்பிரிவினையை நாம் திருத்தவில்லை. மனைவியின் முதுகில் ஏற்றிய சுவையைச் சிக்கனம் என்று அழைப்பவனுக்குக் கணக்கும் தெரியாது, ரசனையும் தெரியாது.

அதியமானுக்காக அவ்வை பாடிய கையறுநிலைப் பாட்டை நினைவில் கொள்வோம். கள் சிறிதளவே கிடைத்தால் அவன் அதைப் பாடுவோர்க்குத் தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் அவர்கள் பாடக் கேட்டுத் தானும் உடன் பருகுவான். கொஞ்சமாக இருக்கும்போது எப்படிப் பகிர்வது என்பதற்கு அதைவிடச் செம்மையான இலக்கணம் நம்மிடம் இல்லை. அந்த அவையில் ஒரு பெண் புலவர் சமமாக அமர்ந்திருந்தார். நம் இலக்கிய நண்பர்கள் கூடும் இருட்டறையில் இன்றைய அவ்வைக்கு நாற்காலி இல்லை. வீட்டிலோ அவர் அடுப்படியில் நிற்கிறார். இப்படிப்பட்டவர்கள் சங்க காலத் தேறலைப் பற்றிக் கட்டுரை வாசிப்பதை எத்தனை காலம் பொறுப்பது?

ஆகவே அடுத்த நூல் வெளியீட்டுக்குப் பின் ஒரு வீட்டில் கூடுவோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மத்தி வாங்குவோம். அதைக் கழுவுவதும் வெங்காயம் உரிப்பதும் ஆண்களின் பொறுப்பு. வெல்லத்தை வடிகட்டுவோம்; விரும்புவோர்க்கு அளந்து ஊற்றுவோம். கதவு திறந்தே இருக்கட்டும். பாத்திரம் கழுவி முடிக்கும்வரை எவரும் கவிதை வாசிக்கக் கூடாது.