ஆசைக்கு ஒரு வண்டி, மூட்டைக்கு ஒரு வண்டி

திருக்கோவிலூர் டீக்கடையில் "என்ன பைக் வாங்க ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். இளவட்டங்கள் ஆர்எக்ஸ் 100 என்பார்கள். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி! பெரியவர்களுக்கு புல்லட். 1950-களிலிருந்து சென்னையில் தயாராகும் அந்த 'டப் டப்' சத்தத்துக்குத் தனி மரியாதைதான்.

சரி, வீட்டில் நிற்பது எது? டிவிஎஸ் எக்ஸ்எல். அதைச் சொல்லத்தான் கூச்சம்!

1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசு அது. கியர் மாற்றும் தொல்லை இல்லை. உர மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு எல்லாம் முன்னால் காலிடத்திலேயே அடங்கிவிடும். 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தபின் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் போச்சு. கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தால், தேய்மானம் போகவும் மிச்சம் தருகிற வண்டி இதுதான். அப்புறம் பெண் பார்க்கப் போக மட்டும் எதற்கு இரவல் பைக்?