காசு மிச்சம் பிடிக்க ரவை செய்யாதே

போன கிழமை ஒரு மச்சான் மெசேஜ் போட்டான். “ரவையை வீட்டிலேயே செய்தால் அரைவாசிக் காசுதானாம். எந்த மெஷின் வாங்கலாம்?”

உரிமம் எடுத்து ரேஞ்சுக்குப் போகத் தொடங்கிய கனபேர் என்னிடம் இதைத்தான் கேட்கிறீர்கள். என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. காசுக்காக என்றால் தொடங்காதீர்கள். பிரஸ், டை, தராசு, கலிப்பர் என்று முதலே பணம் போய்விடும். பிறகு ரவை மலிவு என்று இரண்டு மடங்கு சுடுவீர்கள். மிச்சம் எங்கே?

அதைவிடப் பெரிய பிரச்சினை, காசை நினைக்கிறவன் அவசரப்படுவான் என்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மூன்றாம் மாதம், லீவர் ரைபிளில் நானே செய்த 38 ஸ்பெஷல் ரவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் வழக்கமான சத்தம் இல்லாமல் ‘டப்’ என்றது. என் கை அடுத்ததை ஏற்ற லீவரைப் பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர் “நிறுத்து!” என்று கத்தினார். ரவைகளை இறக்கிவிட்டுக் குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தோம். பாதி வழியில் சன்னம் இறுகி நின்றது. அந்தக் கோதுக்குள் மருந்து போட மறந்திருக்கிறேன். பிரைமர் மட்டும் வெடித்துச் சன்னத்தை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் என் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்திருக்கலாம்.

அன்று ரவை செய்தபோது என்ன செய்துகொண்டிருந்தேன்? போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 38 ஸ்பெஷல் கருமருந்துக் காலத்து வடிவம். இன்றைய புகையற்ற மருந்து கொஞ்சம்தான் வேண்டும், கோதில் இடமோ நிறைய. ஒரே கோதில் இரண்டு தரம் போட்டாலும் வழியாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மருந்தை அளப்பது கிரெயினில். 7000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்ட். “ஏறக்குறைய” என்ற சொல்லுக்கு இந்த மேசையில் இடமில்லை.

ஆகவே முதலில் மெஷின் வாங்காதே, புத்தகம் வாங்கு. அச்சிட்ட கைநூல், அல்லது மருந்து செய்யும் கம்பெனியே தரும் அட்டவணை. நண்பன் சொன்ன அளவு, வீடியோவில் கண்ட அளவு எதுவும் வேண்டாம். அதில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும்.

கைப்பிடியை இழுக்க இழுக்க ரவை விழும் வேகமான மெஷினும் புதியவருக்கு வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் சாதாரண பிரஸ் போதும். மேசையில் ஒரே ஒரு மருந்துப் போத்தல். 50 கோதுகளையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்த பிறகே சன்னத்தை வை. கண்ணாடி போடு. பிரைமர் கரியில் ஈயம் இருக்கும். கை கழுவாமல் சாப்பிடாதே. 18 வயதாகாதவர்கள் இப்போதைக்கு வாசியுங்கள், கை வைக்க வேண்டாம்.

“அப்போ ஏன் நீ செய்கிறாய்?” என்று கேட்பீர்கள். என் துப்பாக்கிக்கு எது சரியாகப் பொருந்துகிறது என்று பொறுமையாகத் தேடுவது எனக்குப் பிடிக்கும். அந்தப் பொறுமை பிடிக்காதவருக்குக் கடை ரவை இருக்கிறது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. பேஸ்மென்டில் மேசையைக் கண்ட அன்று அம்மா சொன்னா: “நாங்கள் இதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்.” அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவவுக்கு ஒளித்து ஒன்றும் செய்வதில்லை. மருந்து எங்கே பூட்டியிருக்கிறது, எதைத் தொடக்கூடாது, எல்லாம் அவவுக்குத் தெரியும். உன் வீட்டில் இதைச் சொல்லிச் செய்ய உனக்குத் துணிவில்லை என்றால், நீ இன்னும் தொடங்கத் தயாரில்லை.