காற்று வடிகட்டியின் சாட்சியம்

காற்றைத் தூய்மை செய்யும் கருவிகளில் வடிகட்டி அழுக்கேறியவுடன் அதனைக் கழற்றி எறிந்துவிடுதல் வழக்கம். அவ்வாறு எறியப்படும் பொருளில், அவ்வறையில் அமர்ந்திருந்தோர் மூச்சில் எவ்வெக் கிருமிகள் கலந்திருந்தன என்னும் செய்தி அடங்கியுள்ளதென்றும், அதனை ஆராய்ந்தறிதல் கூடுமென்றும் விஞ்ஞானிகள் கூறுகின்றனர். இம்முறை நம் மதுரைக்கு ஏற்றதா, ஏற்றதாயின் எவ்விடத்திற்கு ஏற்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதனை வெறும் வேடிக்கையென ஒதுக்க மதுரையாரால் இயலாது. தமிழ்நாட்டில் கோவிட் நோயால் நேர்ந்த முதல் மரணம், 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், நம்மவர் பெரியாஸ்பத்திரி என வழங்கும் அரசு இராஜாஜி மருத்துவமனையிலேயே நிகழ்ந்தது. இறந்தவர் அயல்நாடு சென்று திரும்பியவர் அல்லர். நோய் ஊரினுள் புகுந்துவிட்டதென்பதை ஒருவர் படுக்கையில் வீழ்ந்த பின்னரே ஊர் உணர்ந்தது. அவ்வாண்டு மே 4-ஆம் நாள் மீனாட்சியம்மையின் திருக்கல்யாணம் அடியார் கூட்டமின்றி நடந்தேறியதை இவ்வூரார் மறந்திலர்.

கருவியின் இயல்பைச் சிறிது கூறுவோம். ஹெப்பா எனப்படும் உயர்தர வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்க வல்லது. கோவிட் வைரஸோ ஏறத்தாழ 0.1 மைக்ரானே, ஆகலின் அது நழுவிப் போய்விடும் எனச் சிலர் எண்ணுவர். வடிகட்டி மாவு சலிக்கும் சல்லடை போன்றதன்று. மிகச் சிறிய துகள்கள் நேர்வழிச் செல்லாது தள்ளாடித் திரிந்து, நார்களில் மோதி ஒட்டிக்கொள்ளும். அன்றியும் வைரஸ் தனித்துப் பறப்பது அரிது. இருமலிலும் பேச்சிலும் எழும் துளிகள் உலர்ந்த எச்சத்தில் ஏறியே அது உலவுகிறது. வடிகட்டியின் ஒரு துண்டை வெட்டித் திரவத்தில் ஊறவைத்து, மூக்கில் எடுத்த மாதிரியைச் சோதிக்கும் அதே பி.சி.ஆர். முறையாற் சோதித்தால், கிருமியின் மரபுப்பொருள் உண்டா இல்லையா என்பது புலனாகும்.

காற்றிற் கிருமியைத் தேடும் வேலை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஐதராபாத்து, சண்டிகர் நகரங்களிலுள்ள அரசாங்க ஆய்வு நிலையத்தார் மருத்துவமனைக் காற்றைச் சோதித்து, அறையில் நோயாளர் தொகை மிகுந்தபோதும், அவரிடம் நோய்க்குறி வெளிப்பட்டபோதும் காற்றில் வைரஸ் தென்படுதல் மிகுந்ததெனக் கண்டனர். பெல்ஜிய நாட்டினர் 2021 அக்டோபர் முதல் 2022 ஏப்ரல் வரை 21 பொதுவிடங்களின் காற்றைச் சேகரித்து ஆராய்ந்தனர். கரியமிலவாயு மிகுந்து, இயற்கைக் காற்றோட்டம் குன்றிய அறைகளிலேயே கிருமிகள் மிகுதியாய்த் தென்பட்டன. இவ்விரு கூட்டத்தாரும் காற்றை உறிஞ்சிச் சேகரிக்கும் தனிக்கருவியைக் கையாண்டனரேயன்றிச் சுத்திகரிப்பான்களை நம்பினாரில்லை என்பதையும் கூறிவிடுதல் முறை.

வடிகட்டியின் சாட்சியத்தில் குறைகள் உண்டு. உயிருள்ள வைரஸையும் செத்ததையும் அது பிரித்துரையாது. பல நாள் கூளம் ஒன்றாய்ச் சேர்வதால், கிருமி நேற்று வந்ததோ சென்ற வாரம் வந்ததோ என்பது விளங்காது. நம்மூர்ப் புழுதியும் வாகனப் புகைக்கரியும் சோதனைக்கு இடையூறாகும். சித்திரை வெயில் மரபுப்பொருளைச் சிதைக்கும்.

இத்தனையும் அறிந்தும் நாம் இதனை ஆதரிப்பதற்குக் காரணம் ஒன்றே. வடிகட்டி அறையைக் காட்டிக்கொடுக்குமேயன்றி ஆளைக் காட்டிக்கொடாது. 2020-இல் நோயுற்றோர் இல்லக் கதவுகளில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. அத்தாள் நோயினும் கொடிய துன்பத்தைச் சில குடும்பங்களுக்கு விளைத்தது. உரிய அதிகாரியின் சட்டபூர்வமான ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாதென்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் கூறியது. ஒரு மாணவன் இருமினால், 'யாரிடமிருந்து வந்தது?' எனக் கேட்கும் வழக்கம் விடுதிகளில் இன்றும் ஒழிந்ததாகத் தோன்றவில்லை. அஞ்சியவன் இருமலை மறைப்பான். காற்றைச் சோதித்தாலோ எவரும் மறைக்க வேண்டுவதில்லை.

எனினும் இதன்பொருட்டுக் கல்லூரி முழுதும் சுத்திகரிப்பான்களை வாங்கி நிறைப்பதை நாம் வன்மையாய் மறுக்கிறோம். உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் எதிரெதிர்ச் சாளரங்களும் அமைத்து நம் முன்னோர் எழுப்பிய பழைய வகுப்பறைகளுக்கு அவை வேண்டா. சாளரத்தைத் திறந்து வைத்தலே அங்குத் தக்க உபாயம். ஐயம் புதிய அறைகளைப் பற்றியதே. சுவரில் பொருத்தப்பட்ட ஏ.சி. அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் நெருக்கடி மிக்க பஸ்களில் வந்திறங்கும் மாணவர் அறுபதின்மர், சாளரம் அடைத்த கணிப்பொறிக் கூடத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் மூச்சை மற்றொருவர் வாங்கி அமர்ந்திருக்கின்றனர். புழுக்கத்திற்கு அஞ்சிக் கதவையும் திறவார்.

இத்தகைய கூடங்களில் மட்டும் சுத்திகரிப்பான் ஒன்றும் கரியமிலவாயு அளக்கும் சிறுகருவி ஒன்றும் வைத்தால் போதும். வடிகட்டியின் துண்டை மாதம் இருமுறை எடுக்கும் பணியை நம் விலங்கியல், தாவரவியல் மாணவர் ஆசிரியர் மேற்பார்வையில் ஏற்கலாம். சோதனைக்கு மதுரை மருத்துவக் கல்லூரியாரின் துணையை நாடலாம். நகைக்கடை, ஜவுளிக்கடை, சினிமாக் கொட்டகை முதலியவற்றின் உரிமையாளர் இதற்கு முன்வருவார் என நாம் நம்பவில்லை; வியாபாரம் கெடுமென்று அஞ்சுவர். ஆகலின் கல்விச்சாலைகளே தொடங்கல் வேண்டும். கிருமி தென்பட்டால் என்ன செய்வதென்பதை முதற் சோதனைக்கு முன்னரே நிருவாகத்தார் எழுத்தில் அறிவிக்கட்டும்: அவ்வறையை ஒரு வாரம் சாளரம் திறந்து நடத்துதல், முகக்கவசம் வழங்குதல், காய்ச்சலுற்றோர்க்கு வருகைப்பதிவில் குறையின்றி விடுப்பளித்தல். இவற்றுள் கடைசியது நிறைவேறாதாயின் முன்னவை இரண்டாலும் பயன் சிறிதே.