பழசை அழிக்காதே, மாப்பிள்ளை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. என் வீட்டில் உள்ள வீடியோக்களை எல்லாம் சின்னச் சின்ன எம்பி4 கோப்புகளாக மாற்றிவிடுவது, பழைய கோப்புகளை அழித்துவிடுவது, ஐம்பதாயிரம் ரூபாயில் புது கம்ப்யூட்டர் வாங்குவது. முன்மொழிந்தவர் தங்கை மகன், என் மருமகன். வழிமொழிந்தவர்கள் பதினோரு பேர், எல்லாம் கட்டைவிரல் பொம்மை போட்டு. நான் எதிர்த்து ஓட்டுப் போடுகிறேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே பேச்சு நடக்கிறது என்று தெரியும்.

திண்டிவனம் வீட்டில் ஓடுவது ஒரு பழைய லேப்டாப். 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு ஹார்டு டிஸ்க்கையும் மாட்டி வைத்திருக்கிறாள். எம்பி என்ற மென்பொருள் 2018-ல் தன் மூலநிரலைப் பொதுவில் தராமல் மூடிக்கொண்டபோது, அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள் உருவாக்கியது இது. வீட்டு டிவியில் செயலியைத் திறந்தால் டிஸ்க்கில் உள்ள படங்களும் வீட்டு விசேஷங்களும் வரிசையாக வரும். இத்தனை நாள் ஒரு குறையும் இல்லை.

பொங்கலுக்கு விழுப்புரத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். பேரனின் காதுகுத்தை மருமகன் தன் ஐபோனில் எடுத்திருந்தான். அதை டிவியில் போட்டதும் வந்தது வினை. இரண்டு விநாடி ஓடும், நிற்கும். ஆசாரி ஊசியைத் தூக்கினார், அப்படியே உறைந்துவிட்டார். லேப்டாப் விசிறி மாவு மில் போல இரைந்தது. "மாமா, இது ஓட்டை டப்பா, தூக்கிப் போடுங்க" என்றான். தீர்மானம் பிறந்த கதை இதுதான்.

தேர்தல் நேரத்தில் வடக்கே இருந்து ஒரு தலைவர் வந்து மேடையில் இந்தியில் பேசுவார். பக்கத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லுவார். அவர் திணறினால் தலைவரும் நின்று காத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு இந்தி தெரிந்திருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை. வீடியோ கோப்பில் உள்ளது டிவிக்குத் தெரிந்த மொழி என்றால் லேப்டாப் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். இதற்கு டைரக்ட் பிளே என்று பெயர். தெரியாத மொழி என்றால் ஓடஓட மொழிபெயர்க்க வேண்டும். அது டிரான்ஸ்கோடிங்.

ஹெச்.264 என்ற மொழி 2003-ல் வந்தது. இன்று அது தெரியாத டிவி அரிது. ஹெச்.265 வந்தது 2013-ல். ஏறக்குறைய பாதி அளவில் அதே தரத்தைத் தரும். 2017 முதல் ஐபோன்கள் அதில் பதிவு செய்கின்றன. எங்கள் டிவிக்கு அது தெரியாது. ஆகவே மருமகன் எடுத்த வீடியோவை லேப்டாப் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

அது எவ்வளவு வேலை? கணக்குப் போடுவோம், சிலேட்டை எடுங்கள். ஒரு படச்சட்டத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 30 சட்டம். பெருக்கினால் ஆறு கோடியே இருபத்திரண்டு லட்சம். இத்தனை புள்ளிகளையும் பிரித்து, மறுபடி கட்டி, அடுத்த விநாடிக்குள் கொடுக்க வேண்டும். மொழிபெயர்க்காமல் அப்படியே அனுப்பினாலோ, பத்து நிமிட வீடியோ 600 எம்பி, விநாடிக்கு ஒரு எம்பி. நடக்கத் தெரிந்த எந்தக் கம்ப்யூட்டரும் தூக்கும் சுமை.

பழுது லேப்டாப்பில் இல்லை, டிவியிடம் மொழி இல்லை, அவ்வளவுதான். நான் யூகித்துச் சொல்லவில்லை. ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் யார் என்ன பார்க்கிறார்கள், டைரக்ட் பிளேயா டிரான்ஸ்கோடிங்கா, என்ன காரணம் என்று எழுதியே இருக்கிறது. அந்தப் பதினோரு கட்டைவிரலில் ஒன்றாவது அதைத் திறந்து பார்த்ததா? ஹெச்.265 தெரிந்த சின்ன டிவி ஸ்டிக் ஒன்றைச் சில ஆயிரத்துக்கு வாங்கிச் செருகினேன். காதுகுத்து தடையின்றி முடிந்தது. விசிறி மூச்சுக்கூட விடவில்லை.

இன்னொரு குழப்பம், எம்பி4, எம்கேவி என்பதையே மொழி என்று நினைப்பது. அவை டிபன் கேரியர். உள்ளே இருப்பது இட்லியா பொங்கலா என்பது வேறு கேள்வி. டிவிக்குக் கேரியர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் சாப்பாட்டை வேறு கேரியருக்கு மாற்றினால் போதும், மறுபடி சமைக்க வேண்டாம். ஒலி மட்டும் புரியவில்லை என்றால் ஒலியை மட்டும் மாற்றும், அதுவும் இலேசான வேலை. ஆனால் டிஸ்க்கிலிருந்து எடுத்த படங்களில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அதைக் காட்டத் தெரியாத செயலியில் அதை ஆன் செய்தால் முழுப் படத்தின் மேலும் பொறித்துத் தர வேண்டிவரும், விசிறி கத்தும். மலையாளப் படம் பார்க்கும் சின்ன அத்தை கவனிக்க.

டிரான்ஸ்கோடிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. தங்கை விழுப்புரத்திலிருந்து போனில் பார்க்கிறாள். சாயங்காலத்தில் அவளுக்கு விநாடிக்கு 3 மெகாபிட் கிடைத்தாலே பெரிது. அந்தக் காதுகுத்துக்கு 8 வேண்டும் (ஒரு எம்பி என்றால் 8 மெகாபிட், மறந்தவர்கள் முட்டி போடவும்). அங்கே சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அதற்காகவே புது மெஷின் வேண்டும் என்றால் அதைப் பேசலாம். ஆனாலும் ஐம்பதாயிரம் எதற்கு? இன்டெல் 2011 முதலே பல சிப்களில் குவிக் சின்க் என்று இந்த வேலைக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறது. ஹெச்.265-ஐயும் கையாளும் பிந்தைய தலைமுறை மினி பிசி ஒன்று போதும். பிளெக்ஸில் அந்தப் பகுதியைப் பயன்படுத்தச் சந்தா கேட்பார்கள், ஜெல்லிஃபினில் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். சர்வர் செய்யும் டிரான்ஸ்கோடிங் அந்த நேரத்துக்கானது. பார்த்து முடித்ததும் மொழிபெயர்ப்பு காற்றோடு போய்விடும், மூலக் கோப்பு தொடப்படாமல் டிஸ்க்கில் இருக்கும். மருமகன் சொல்வது அது இல்லை. மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மூலத்தைக் கொளுத்தச் சொல்கிறான்.

கார்பன் தாள் வைத்துக் கேள்வித்தாள் எழுதிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஐந்தாவது தாள் கிடைத்த பையன் 3-ஐ 8 என்று படித்துக் கணக்கைத் தப்பாகப் போடுவான். ஒவ்வொரு முறை சுருக்கி மாற்றும்போதும் வீடியோவுக்கு நடப்பது இதுவே. போனது திரும்பாது.

எங்களிடம் 2003 திருமணத்தின் மினி டிவி கேசட்டுகள் பத்து இருந்தன. ஒன்றை முன்பே ஒரு கடையில் கொடுத்து மாற்றினோம். சின்னக் கோப்பாகப் பென்டிரைவில் தந்தார்கள். கேசட்டை நாங்கள்தான், வேலை முடிந்ததே என்று, பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம். அந்தக் காலக் கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை ஒருமுறை என்று விநாடிக்கு 50 பாதிப் படங்களாக எடுக்கும். சரியாகப் பிரிக்காமல் மாற்றியதால் யார் கையை ஆட்டினாலும் சீப்புப் பல் போலக் கோடு. அந்தக் கேசட்டில்தான் அம்மா நலங்கு பாடினார்கள். இப்போது கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கிறது. அம்மா குரல் வேறெதிலும் இல்லை.

மீதி ஒன்பதையும் நானே உட்கார்ந்து அப்படியே இறக்கினேன். மணிக்கு 13 ஜிபி வீதம் 117 ஜிபி. அந்த மூலக் கோப்பு எந்த டிவிக்கும் நேரடியாகப் புரியாதுதான், அதனால் பக்கத்திலேயே ஹெச்.264 நகல் ஒன்றும் வைத்திருக்கிறேன். நகல் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். இடம் இல்லை என்கிறீர்களே, ஒரு டிபி டிஸ்க்கில் இந்த 117 எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திண்டிவனம் வா. டாஷ்போர்டைத் திறந்து வைக்கிறேன், நீயே படி. வரும்போது ஒரு டிபி டிஸ்க் ஒன்று வாங்கி வா, பணம் நான் தருகிறேன். இரண்டாவது பிரதி எடுத்து உங்கள் வீட்டு பீரோவில் வைக்கலாம். அதுவரை அந்த டெலீட் பட்டனில் கை வைக்காதே.