கத்தரியில் புள்ளி வண்டு: நண்பனா, எதிரியா?

கேள்வி: கத்தரிச் செடியில் புள்ளி போட்ட வண்டுகள் நிறைய வந்துள்ளன. பொறிவண்டு நன்மை செய்யும் என்கிறார்களே, விட்டுவிடலாமா? மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: புள்ளியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பொறிவண்டுக் குடும்பத்தில் பெரும்பாலானவை அசுவினி, மாவுப்பூச்சி போன்றவற்றைத் தின்பவை. சில மட்டும் இலை தின்பவை. கத்தரியைத் தாக்கும் எபிலாக்னா வண்டு இந்த இரண்டாவது வகை.

முதலில் இலையைப் பாருங்கள். பச்சையம் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் சல்லடைபோல் நின்றால் அது எபிலாக்னாவின் வேலை. இலையில் சேதம் இல்லாமல் அசுவினி மட்டும் இருந்தால், வண்டு அதைத் தின்ன வந்திருக்கிறது.

அடுத்து வண்டைப் பாருங்கள். எபிலாக்னா மங்கலான செம்பு நிறம். முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் பளபளப்பு இருக்காது. 12 அல்லது 28 கரும்புள்ளிகள் இருக்கும். நன்மை செய்யும் பொறிவண்டு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில், சிலவற்றில் வளைந்த கறுப்புக் கோடுகள் இருக்கும்.

புழுவில் வித்தியாசம் இன்னும் தெளிவு. எபிலாக்னா புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்களுடன் இலையின் அடியில் மெதுவாக நகரும். பொறிவண்டின் புழு கருத்து நீண்டு, குட்டி முதலைபோல் வேகமாக ஓடும். இதைத்தான் பலர் கெட்ட புழு என்று நசுக்கிவிடுகிறார்கள்.

இரண்டின் முட்டையும் மஞ்சள் நிறத்தில் கும்பலாக இருக்கும். அசுவினிக் கூட்டத்தின் அருகில் இருந்தால் தொடாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு பாட்டிலில் கத்தரி இலையும், அசுவினி பிடித்த தட்டைப்பயறுக் கொழுந்தும் போட்டு, வண்டை விட்டு, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். மறுநாள் எது குறைந்திருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எபிலாக்னா என்று உறுதியானால், காலையில் வண்டு, புழு, முட்டை இருக்கும் இலைகளைச் சேகரித்து சோப்புத் தண்ணீரில் போட்டு அழிக்கலாம். அதிகமாக இருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் போதும். 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கடுமையான மருந்து அடித்தால் பொறிவண்டும் சேர்ந்து சாகும். அசுவினி முட்டையிட்டுக் காத்திருப்பதில்லை, நேராகக் குட்டி போடும். சீக்கிரம் திரும்பப் பெருகிவிடும். அதைத் தின்ன வண்டு இருக்காது. அடுத்த மருந்துச் செலவும் உங்கள் தலையில்தான்.