நம் பிள்ளைகள் சுகாதார அலுவலர் ஆவது எப்போது?

நீட் முடிவு வந்துவிட்டால் கச்சிராயபாளையம் வட்டாரத்தில் டீக்கடை முதல் டியூஷன் சென்டர் வரை ஒரே பேச்சுதான். யாருக்கு எம்.பி.பி.எஸ்., யாருக்குப் பல் மருத்துவம், யார் நர்சிங் பக்கம் போகிறார்கள் என்று கணக்குப் போடுவார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2020இல் வந்த பிறகு, காலனித் தெருப் பிள்ளைகளின் பெயரும் அந்தக் கணக்கில் வருகிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நம் மாவட்டத்துச் சிறுவங்கூரில் இருக்கிறது.

இந்த வாரம் அதற்கு அடுத்த படியைப் பற்றிப் பேசுவோம். டாக்டராகவோ நர்ஸாகவோ வரும் நம் பிள்ளைகளில் சிலராவது பொதுச் சுகாதாரத்திலும் ஒரு பட்டம் பெற வேண்டும். எம்.பி.எச். எனப்படும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு அது. நோயாளிக்கு என்ன நோய், என்ன மருந்து என்று பார்ப்பது மருத்துவப் படிப்பு. இந்த நோய் ஏன் இந்தத் தெருவில் மட்டும் வருகிறது, அடுத்து யாருக்கு வரும், அதை இன்றே எப்படித் தடுப்பது என்று பார்ப்பது பொதுச் சுகாதாரப் படிப்பு. ஒரே ஆளுக்கு இரண்டும் தெரிந்திருப்பது நம் மக்களுக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கருணாபுரத்தில் இழந்த நேரம்

2024 ஜூனில் கருணாபுரத்திலும், மாதவச்சேரி, சேஷசமுத்திரம் போன்ற ஊர்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கருணாபுரம், தலித் மக்கள் அதிகம் வாழும் பகுதி.

மெத்தனாலின் குணம் ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். குடித்த உடனே அது கொல்லாது. உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாற 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதன் பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் எல்லாம் வரும். முறிமருந்தும் டயாலிசிஸும் உண்டு என்றாலும், சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். அப்படியானால் முதல் சாவு என்பது அந்தத் தெருவுக்கே அடிக்கும் அபாயச் சங்கு. அந்த நிமிடமே வீடு வீடாகப் போய், நேற்றும் இன்றும் குடித்தவர்கள் யார் என்று கேட்டு, நன்றாக இருப்பவரையும் சேர்த்து மருத்துவமனைக்கு ஏற்ற வேண்டும். மீதிச் சாராயத்தைக் கைப்பற்ற வேண்டும்.

நடந்தது வேறு. இறப்புக்குச் சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகத் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. சாவு வீட்டுக்குப் போனவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று டாக்டர்கள் இரவு பகலாகப் போராடினார்கள். அவர்களது உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வார்டுக்குள் வந்தவரைத்தான் டாக்டர் காப்பாற்ற முடியும். வீட்டில் படுத்துக் கிடந்தவரைத் தேடிப் போகும் வேலைக்குத் தனிப் படிப்பும் தனி அதிகாரமும் வேண்டும்.

வேங்கைவயலின் கேள்வி

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததை எல்லோரும் அறிவோம். தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அது வெளியே தெரிந்த விதத்தைத்தான் பலர் மறந்துவிட்டோம். குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனது. சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள், குடிநீரில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று சொன்னார்கள். அதன் பிறகே ஊர்மக்கள் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தாலும் மருத்துவராக அவர்கள் கடமை முடிந்திருக்கும். ‘எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்விதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தருவதுதான் பொதுச் சுகாதாரம். 1927இல் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளியது முதல் தண்ணீர் நமக்கு உரிமைப் பிரச்சினை. அது உடல்நலப் பிரச்சினையும் ஆகும்.

ஜாம்கேட் அடிபம்பு

இரண்டு படிப்பும் ஒருவரிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த ராஜ் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டமும் பெற்றார்கள். 1970இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடில் வேலையைத் தொடங்கினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதை அவர்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நலப் பணியாளர்கள் ஆக்கினார்கள். அவர்களில் தலித் பெண்களும் இருந்தார்கள். பிரசவம் பார்க்க, குழந்தையின் எடை பார்க்க, எல்லாச் சாதி வீட்டுக்குள்ளும் அந்தப் பெண்கள் போனார்கள். வறட்சிக் காலத்தில் போர் போட்டு அடிபம்பு அமைத்தபோது, அவை தலித் குடியிருப்புகளில் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மற்றவர்கள் அங்கே வந்துதான் பிடிக்க வேண்டும். ஒரே அடிபம்பில் வயிற்றுப்போக்கும் குறைந்தது, தீண்டாமையும் தளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 176 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. 1990களில் அந்த எண்ணிக்கை 20ஐ ஒட்டி இறங்கிவிட்டது.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1984இல் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்ற மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங். அவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்துப் பழங்குடிகளிடம் போனார்கள். இரண்டு கிராமங்களின் பெண்களை ராணி பங் பரிசோதித்தபோது 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடுதான். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தால் இந்த உண்மை தெரிந்தே இருக்காது. 1993இல் அந்த மாவட்டத்தில் மதுவிலக்கு வந்ததில் அவர்கள் முன்னெடுத்த இயக்கத்துக்கும் பங்கு உண்டு.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கல்வராயன்மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். 1,000க்கு 147 என்றிருந்த சிசு மரணம், மலைப் பெண்களையே பயிற்றுவித்து வேலைக்கு வைத்த பிறகு பல மடங்கு குறைந்தது. மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது?

கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த பூமி. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் சாலை, மருத்துவம், பள்ளி குறித்துக் கேள்வி கேட்டது. சாவு விழுந்தால்தான் கணக்கெடுப்பு என்ற நிலை மாற வேண்டும்.

துடைப்பமும் கையெழுத்தும்

‘சுகாதாரத் துறையில் வேலை’ என்றால் நம் தெருவில் என்ன பொருள்? சாக்கடை அள்ளுவது, குப்பை வண்டி தள்ளுவது. தூய்மைப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மவர்கள். ஆனால் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் சுகாதார அலுவலருக்குத் தரும் அதிகாரங்கள் வேறு வகை. குடிநீரைச் சோதிக்கலாம், மாசுபட்ட நீர்நிலையின் பயன்பாட்டைத் தடுக்கலாம், நோய் பரவினால் தெருவுக்கே வந்து நடவடிக்கை எடுக்கலாம். துடைப்பம் நம் கையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் பேனா யார் கையில் இருக்கிறது?

பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணி அமைப்பும் பல பத்தாண்டுகளாக இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. மற்ற மாநிலங்களும் இப்படி ஓர் அமைப்பை உருவாக்க 2022இல்தான் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆக, ஏறிப் போகப் படிக்கட்டு இங்கே இருக்கிறது.

எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் பல கல்லூரிகளில் மருத்துவப் பட்டத்தையும் எம்.பி.எச். பட்டத்தையும் ஐந்தாண்டுகளில் சேர்த்தே முடிக்கலாம். இங்கே ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழி திறந்தது. ஆனால் காலை முதல் மாலை வரை வகுப்பும் வார்டுமாக ஓடும் மருத்துவ மாணவருக்கு அது ஏட்டளவில்தான். எனவே எம்.பி.பி.எஸ்., நர்சிங், பல் மருத்துவம், சித்தா என்று எதையாவது முடித்துவிட்டு எம்.பி.எச். சேர்வதே நடைமுறை. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவற்றில் இந்தப் படிப்பு உண்டு. தகுதி இடத்துக்கு இடம் மாறும். அறிவிக்கையைப் பார்க்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மூன்றாண்டு எம்.டி. சமூக மருத்துவமும் இருக்கிறது.

‘ஐந்தரை வருஷம் படிக்க வைத்தோம், இன்னும் படிப்பா? கடனை எப்போது அடைப்பது?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘படித்தால் ஒப்பந்த வேலைதானே?’ என்பதும் நியாயமான அச்சமே. அதனால்தான் இதைப் பிள்ளைகளின் தியாகத்துக்கு விட்டுவிடாமல் அரசின் பொறுப்பாகக் கேட்கிறோம்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, 7.5 விழுக்காட்டில் படித்து வரும் தலித், பழங்குடிப் பிள்ளைகள் எம்.பி.எச். சேர்ந்தால் கட்டணத்தையும் மாத உதவித்தொகையையும் அரசு தர வேண்டும். அந்த ஒதுக்கீடும் உதவியும் இப்போது இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகின்றன.

இரண்டு, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு தொடங்க வேண்டும். கல்வராயன்மலை அதன் களப்பயிற்சி இடமாக வேண்டும்.

மூன்று, படித்தவர்களுக்கு ஒப்பந்த வேலைக்குப் பதில் நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். நர்ஸ், சித்த மருத்துவர் படித்து எம்.பி.எச். முடித்தவர்களுக்கும் அதில் இடம் வேண்டும்.

நான்கு, மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இப்போது தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் ஊர்த் தெருவோடு நின்றுவிடக் கூடாது. காலனியிலும் மலைக் குக்கிராமங்களிலும் இருந்தும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

இவை நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, நம் காலனித் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு என்ன, ஊர்த் தொட்டியின் முடிவு என்ன என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போங்கள். கேட்கப் பழகிய பிள்ளைதான் நாளை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லும் அலுவலராக வரும்.