எம்.எஸ்.டபிள்யூ படித்தால் யார் பக்கம்?

“சமூக சேவை செய்யறதுக்கு டிகிரி எதுக்கும்மா? மனசு இருந்தா போதாதா?”

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் டிகிரி முடித்த பெண் ஒருத்தி ‘எம்.எஸ்.டபிள்யூ சேரப் போறேன்’ என்று வீட்டில் சொன்னால், சித்தப்பாவோ மாமாவோ கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். விவரம் தெரிந்த அண்ணன் யாராவது, “அது படிச்சா கம்பெனியில ஹெச்.ஆர் வேலை கிடைக்கும் சித்தப்பா” என்று எடுத்துச் சொன்னதும் பேச்சு மாறிவிடும். “அப்படியா! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் சேர்கிறவர்கள்தான் இரண்டு வருஷம் கழித்து முழிக்கிறார்கள்.

சித்தப்பாவின் கேள்விக்கு முதலில் வருவோம். அன்னதானம் போடவும் ரத்தம் கொடுக்கவும் டிகிரி வேண்டாம். அது சேவை. ஆனால், குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்து ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் என்ன பேசுவது? ‘அவனை விட்டுட்டு வா’ என்று சொல்வது சுலபம். அவள் மறுபடியும் அவனிடமே போய், அடுத்த மாதம் மறுபடியும் வந்து நின்றால், ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். அதற்குப் பயிற்சி வேண்டும். ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஏழு நெறிகளை வகுத்தார். எதிரில் இருப்பவரைத் தீர்ப்பு சொல்லாமல் ஏற்றுக்கொள்வது, முடிவை அவரிடமே விடுவது, அவர் சொன்னதை வெளியே விடாமல் இருப்பது ஆகியவை அதில் முக்கியமானவை. இன்றைக்கும் எம்.எஸ்.டபிள்யூ மாணவர்கள் முதல் செமஸ்டரில் இந்த ஏழையும் ஒப்பிக்கிறார்கள். ஒப்பிப்பதில் ஒன்றும் சிரமம் இல்லை. கடைசியாகச் சொன்ன ரகசியம் காப்பது இருக்கிறதே, அதுதான் ஓசூரில் வேலைக்குப் போன முதல் மாதமே முட்டும்.

ஏன் என்று புரிய, இந்தப் படிப்புக்கும் கம்பெனிக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது என்று பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்து மில்களில் ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, விரட்டுவது எல்லாமே மேஸ்திரி கையில்தான். வேலைக்குச் சேர லஞ்சம், சேர்ந்த வேலை நிலைக்க லஞ்சம். 1931-ல் அறிக்கை தந்த ராயல் கமிஷன், இந்த ஆட்டத்தை ஒழிக்கத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் அலுவலர்கள் வேண்டும் என்றது. 1936-ல் பம்பாயில் இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்லூரி, டாடா அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியது. அதை உருவாக்கிய கிளிஃபோர்ட் மேன்ஷார்ட், மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நாக்பாடா பகுதியில் பத்து வருஷம் வேலை செய்த அமெரிக்கர். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். இடையில் 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், 49-வது பிரிவில் ஒரு வரி போட்டது: 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. அண்ணன் சொன்ன ‘கம்பெனி வேலை’யின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி ஓசூருக்கு வரலாம். சிப்காட் வந்து, 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசை கட்டியதும், சின்ன ஊர் தொழில் நகரமானது. இன்றைக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்போன் பாகங்கள், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் என்று மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்களை எண்ணிப் பார்த்தால் 500 என்ற கணக்கெல்லாம் எந்த மூலைக்கு என்று தெரியும்.

ஆக, பதவி இருக்கிறது. ஆனால், அந்த நாற்காலி யார் பக்கம் போடப்பட்டிருக்கிறது?

சட்டத்தை எழுதியவர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. சம்பளம் முதலாளியுடையது, வேலை தொழிலாளிக்கானது. அதனால்தான் பல மாநில விதிகள், தொழிலாளி மீதான ஒழுங்கு நடவடிக்கைகளை நல அலுவலர் கையாளக் கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிற்கக் கூடாது என்று எழுதி வைத்தன. அவரை நினைத்த மாத்திரத்தில் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. பஞ்சாபில் அசோசியேட்டட் சிமென்ட் கம்பெனிக்கும் பி.என்.சர்மா என்ற நல அலுவலருக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட நல அலுவலரின் மேல்முறையீட்டை விசாரிக்கும்போது, மாநில அரசு வெறும் நிர்வாக வேலை செய்யவில்லை, ஒரு தீர்ப்பாயத்தின் வேலையைச் செய்கிறது என்று 1964-ல் நீதிமன்றம் சொன்னது. ஒரு கம்பெனி உத்தியோகத்துக்கு இவ்வளவு காவல் போட்டதே, அவர் நடுவில் நிற்க வேண்டியவர் என்பதால்தான்.

நடைமுறையில் இந்த நடு இடம் மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது. ‘நல அலுவலர்’ என்ற பெயர் ஹெச்.ஆர். பிரிவுக்குள் ஒரு மேஜையாகிவிட்ட இடங்கள் உண்டு. காலையில் கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் புகார் கேட்டவரே மத்தியானம் ஷோகாஸ் நோட்டீஸ் டைப் அடிக்கிறார் என்றால், மூன்றாவது நாள் சாம்பாரைப் பற்றி யாரும் வாய் திறக்கப்போவதில்லை.

ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் இருபது வயதுப் பெண். கான்ட்ராக்ட் வேலை. ராத்திரி ஷிப்டில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். மருந்து கொடுத்தாகிவிட்டது, காரணம் தெரியவில்லை. நல அலுவலராக இருக்கும் எம்.எஸ்.டபிள்யூ பெண் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் பேசுகிறாள். சம்பளத்தை முழுசாக ஊருக்கு அனுப்பிவிட்டு அவள் ஒருவேளைதான் சாப்பிடுகிறாள் என்று தெரிகிறது. வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்குகிறார்கள், சொல்லாமல் ஓடி வந்திருக்கிறாள் என்பதும் தெரிகிறது. “அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” சாயங்காலம் மேனேஜர் கேட்கிறார்: “என்னவாம் அந்தப் பொண்ணுக்கு? நிப்பாளா, போயிடுவாளா? லைனுக்கு ஆள் போடணும்.”

பீஸ்டெக்கின் நெறி இப்போது பரீட்சைக் கேள்வி இல்லை. உடல்நிலைக்கு ஏற்ற ஷிப்ட் மாற்றத்தைக் கேட்டு வாங்குகிற அளவுக்கு மட்டும் சொல்லி, மற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் படித்தவள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நல்ல பெயர் வாங்குகிறவளும் அதே சர்டிபிகேட்தான் வைத்திருப்பாள். வித்தியாசம் மார்க் ஷீட்டில் தெரியாது.

எங்கே தெரியும் என்றால், களப்பணியில். எம்.எஸ்.டபிள்யூ-வின் உயிர் வகுப்பில் இல்லை. வாரத்தில் சில நாட்களைக் களத்துக்கென்றே ஒதுக்குவது இந்தப் படிப்பின் வழக்கம். ஆஸ்பத்திரி, குழந்தைகள் இல்லம், கிராமம், தொழிற்சாலை என்று அனுப்புவார்கள். யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், எங்கே தப்பாகப் பேசினோம் என்று எழுதித் தர வேண்டும். ஆசிரியர் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்பார். இதுதான் சட்டம். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பியடித்து, கையெழுத்து வாங்கி, பைண்டிங் போடுவதும் நடக்கத்தான் செய்கிறது. அப்படிப் படித்தவருக்கு முதல் முறையாக ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்து அழுவது, சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான்.

களப்பணிக்கு ஓசூரைப் போல ஓர் இடம் கிடைப்பது அபூர்வம். பேரிகை, பாகலூர்ப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு, தளிப் பக்கம் கன்னடம், டவுனில் உருது, எல்லோருக்கும் பொதுவாகத் தமிழ். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்துவிட்டன. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் ஓசூர் செல்போன் ஆலைக்காகப் பயிற்சி பெற்றிருப்பதாக 2022-ல் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். வீட்டில் பேசும் தெலுங்கை ‘கொச்சை’ என்று வெட்கப்பட்டு மறைத்த மாணவிக்கு, களத்தில் அதுதான் பெரிய சொத்து. “எந்த ஊரும்மா?” என்று அவரவர் பாஷையில் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கம்பெனி கேட்டுக்கு வெளியேயும் களம் இருக்கிறது. சுய உதவிக் குழு என்று இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கிறதே, தமிழ்நாட்டு அரசுத் திட்டமாக அது 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். இந்தப் பகுதியில் குழுக்களை வளர்த்த அமைப்புகளில் ஒன்று மைராடா. 1990-களில் அதுவும் டைட்டனும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. கைக்கடிகாரப் பட்டையின் கண்ணிகளைக் கோர்க்கும் வேலையைக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களையே பங்குதாரர்களாக வைத்து ‘மெடோ’ என்ற பெயரில் ஒரு கம்பெனியை உருவாக்கின. கூலிக்குப் போன பெண்கள் கம்பெனியின் பங்குதாரர்களாகக் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். சமூகப் பணி என்றால் என்ன என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு, ஓசூரிலேயே காட்டக்கூடிய பதில் இது.

குழந்தைத் திருமணங்கள் அடிக்கடி செய்தியாகும் அஞ்செட்டி மலைக் கிராமங்கள் இன்னொரு களம். அங்கே அழைக்கச் சொல்லித்தரும் 1098 என்ற எண்ணும் ஒரு சமூகப் பணிக் கல்லூரியிலிருந்து வந்ததுதான். மும்பை டாடா நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியாவை, ரயில் நிலையச் சிறுவர்கள் நேரம் காலம் பார்க்காமல் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதிலிருந்து 1996-ல் பிறந்தது சைல்டுலைன். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொல்லிப் பார்த்தால் எண் மறக்காது.

வேலை விஷயத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர் போன்ற இடங்களில் பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். தொண்டு நிறுவனச் சம்பளம் திட்டம் இருக்கும்வரைதான். கம்பெனி வேலை இவற்றைவிட நன்றாகக் கொடுக்கும். அதற்குப் போவதில் எந்தக் குற்றமும் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013, ஒவ்வொரு கம்பெனியும் அமைக்க வேண்டிய உள்ளகக் குழுவில் சமூகப் பணி அனுபவம் உள்ள ஊழியர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அந்தக் குழுவில், புகார் கொடுத்த பெண்ணின் கண்ணைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த ஒருத்தி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

மனநலப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குப் பெங்களூரு நிமான்ஸ், ஓசூரிலிருந்து ஒரு பஸ் தூரம். மனநலச் சமூகப் பணியில் மேற்படிப்புக்கு நாடு முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ சேர பி.எஸ்.டபிள்யூ-தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை, பி.காம், பி.எஸ்சி என எந்த டிகிரி முடித்தவர்களையும் பல கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு வருஷம். தபால் வழியிலும் படிக்கலாம். நல அலுவலர் பதவிதான் குறி என்றால், அதற்கான தகுதியை நிர்ணயிப்பது மாநில அரசு; சேரப் போகும் படிப்பு அந்த விதிக்குப் பொருந்துகிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அட்மிஷனுக்குப் போகும்போது அப்பாவும் அம்மாவும் ஃபீஸ், ஹாஸ்டல், ப்ளேஸ்மென்ட் எல்லாம் கேட்பார்கள். கூடவே ஒன்றைக் கேட்கலாம்: “களப்பணிக்கு எங்கே அனுப்புவீங்க? வாரத்துல எத்தனை நாள்? கூட வந்து பார்க்கிற ஆசிரியர் யார்?” ஊர்ப் பெயர்களோடு பதில் வந்தால் சேரலாம். “அதெல்லாம் கவலைப்படாதீங்க, தெரிஞ்ச கம்பெனியில லெட்டர் வாங்கிக்கலாம்” என்றால், ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கலாம்.